கரியும் காகிதமும்: வாசகர் கேள்வி – பதில்

கண்காட்சித் திடலில், நாலு பேர் சுற்றி நின்று பார்க்க வரைவது பற்றித்தான் இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. வடசென்னையிலிருந்தே அதிகம் வந்திருப்பதால் அந்தப் பக்கத்துக் காற்று, வெயில், பொருள், மனிதர் எல்லாவற்றையும் மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

எங்கள் பகுதிப் பள்ளி மைதானத்தில் பொங்கல் விடுமுறையில் ஓவியச் சந்தை வைக்கிறார்கள். எனக்கு 20 நிமிடம் டெமோ கொடுத்திருக்கிறார்கள். என்ன வரைவது? 20 நிமிடத்தில் ஒரு படத்தை முடிக்க முடியுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

படத்தை முடிப்பதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. முடிந்த படம் பக்கத்து ஸ்டாலில் நூறு தொங்கும். ஒரு கோடு எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்கத்தான் ஆட்கள் நிற்பார்கள். எனவே, கட்டுமானம் வெளியே தெரிகிற பொருளாக எடுங்கள். எங்கள் சிபாரிசு பிளாஸ்டிக் குடம். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிற அதே குடம்தான். அதன் வடிவம் எல்லோருக்கும் மனப்பாடம், ஆனால் வரையச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் ஒரே இடத்தில் தவறுவார்கள். டெமோவுக்கு இதைவிடத் தோதான பொருள் இல்லை.

அந்த இடம் குடத்தின் வாயும் அடிப்பகுதியும். வட்டமான வாய், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும். கண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, நீள்வட்டம் அவ்வளவு அகலமாகத் திறக்கும். ஆகவே, வாயைவிட அடிப்பகுதியின் வளைவு அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் "குடம் தரையில் தட்டையாகத்தானே நிற்கிறது" என்று மூளை சொல்ல, கை அடியில் நேர்க்கோடு போட்டுவிடும். குடம் அந்தரத்தில் தொங்குவதுபோல் ஆகிவிடும்.

இதை விளக்க ஒரு வளையல் போதும். படுக்கைவாட்டில் கண் மட்டத்தில் பிடித்தால் கோடாகத் தெரியும். மெல்ல இறக்கினால் நீள்வட்டம், காலுக்கருகே கொண்டுபோனால் ஏறக்குறைய வட்டம். கூட்டத்தில் நிற்கும் ஒருவரின் கையில் கொடுத்து அவரையே செய்யச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம், நடு அச்சாக ஒரு செங்குத்துக் கோடும், உயரத்துக்கும் அகலத்துக்குமான குறிகளும். வாய், கழுத்து, வயிறு, அடி என்று நான்கு அகலங்கள். பென்சிலை நீட்டிய கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளக்கிறீர்கள் அல்லவா, அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தள்ளி நின்று பார்ப்பவருக்கு நீங்கள் வெறுமனே பென்சிலை ஆட்டுவதாகத்தான் தெரியும். அடுத்த 6 நிமிடம் நீள்வட்டங்களும் விளிம்பும். முனைகள் எலுமிச்சம்பழம் மாதிரி கூராகிவிடாமல் உருண்டு திரும்ப வேண்டும். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு, நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பின்பக்க வளைவையும் மறைக்காமல் முழுதாக வரையுங்கள், கண்ணாடிக் குடம் என்று நினைத்துக்கொண்டு. பிறகு 5 நிமிடம் நிழல். ஒளி படும் பக்கம், திரும்பும் இடத்தில் விழும் ஆழமான நிழல், அதற்கப்பால் தரையிலிருந்து எதிரொளித்து வரும் மங்கிய வெளிச்சம், தரையில் விழும் நிழல். இதே வரிசையில் போடுங்கள். பிளாஸ்டிக் என்பதால் பளபளப்புப் புள்ளி சின்னதாக, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். பித்தளைக் குடமாக இருந்தால் சுற்றியுள்ள எல்லாம் அதில் தெரியும், 20 நிமிடத்துக்கு அது தாங்காது. மீதி 7 நிமிடத்தில் 5 நிமிடத்தைப் பார்வையாளருக்குக் கொடுங்கள். ஒருவரை அழைத்து வாயை மட்டும் வரையச் சொல்லலாம். கடைசி 2 நிமிடம் கேள்விக்கு.

தாள் 22 x 30 அங்குல முழுத்தாளாக இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் மூன்றாவது வரிசைக்கு ஒன்றும் தெரியாது. கணக்குச் சொல்கிறோம். நல்ல பார்வை உள்ளவரின் கண் தெளிவாகப் பிரித்தறியக்கூடிய நுணுக்கம் 3 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், 5 மீட்டரில் ஒன்றரை மில்லிமீட்டர். HB பென்சில் கோடு அரை மில்லிமீட்டர்தான், அதுவும் வெளிறிய சாம்பல். முன்னால் நிற்கும் நாலு பேரைத் தாண்டி அது போகாது. 3 மில்லிமீட்டர் கனத்தில் கோடு விழும் சார்கோல் குச்சியை, அதாவது வரைவதற்கான கரிக்குச்சியைப் பயன்படுத்துங்கள். பளபளப்பான சார்ட் பேப்பரில் கரி பிடிக்காமல் வழுக்கும். 120 முதல் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) காட்ரிட்ஜ் தாள் வாங்குங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக உள்ளன. நேரில் போய் விரலால் தடவிப் பார்த்து, லேசாகச் சொரசொரப்பு உள்ளதை எடுங்கள்.

இன்னொன்று. மணிக்கட்டை ஆட்டிப் பெரிய கோடு போட முடியாது, தோளிலிருந்து கை வர வேண்டும். தினமும் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த அசைவு ஏற்கெனவே உண்டு. சார்கோலை முதன்முதலாகக் கையில் எடுத்தாலும் நீள்வட்டத்தை ஒரே இழுப்பில் போட்டுவிடுவார்கள். கூட்டத்திலிருந்து முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

நான் இடக்கைக்காரன். எங்கே நிற்பது?
– வாசகர், பெரம்பூர்

பலகையின் வலது ஓரமாக நின்று, இடது கையைப் பலகைப் பக்கம் நீட்டி வரையுங்கள். வலக்கைக்காரர்கள் இடது ஓரமாக நிற்க வேண்டும். இரண்டிலும் உடம்பு தாளுக்கு வெளியே, கை மட்டும் தாளுக்குள். கரி அழியாமலிருக்க, நீங்கள் வலது மேல் மூலையிலிருந்து நிழல் போடத் தொடங்குங்கள், வலக்கைக்காரர் இடது மேல் மூலையிலிருந்து.

ஐயா, போன வருடம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஸ்டால். மத்தியானத்துக்கு மேல் காற்றில் ஈசல் (பலகையைத் தாங்கும் முக்காலி) இரண்டு முறை சாய்ந்தது. கரித்தூள் கூட்டத்தின் கண்ணில் விழுந்தது. வெயில் வேறு தாளில் அடித்துக் கண் கூசியது. இந்த வருடமும் அதே இடம்தான். என்ன செய்வது?
– வாசகர், காசிமேடு

மூன்று தொல்லைக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து, பலகை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. உங்கள் ஊரில் கடல் கிழக்கே. பகலில் நிலம் சூடானதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பலகையின் முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்தால், அது படகின் பாய் மாதிரி காற்றை முழுசாக வாங்கும். பலகையின் விளிம்பு கடலைப் பார்க்கும்படி திருப்புங்கள். அதாவது தாள் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும்.

இரண்டில் எது? சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே போகும், மற்ற மாதங்களில் தெற்கே. எனவே பொங்கல் சமயத்தில் தாள் வடக்கு பார்க்கட்டும், நேர்வெயில் படாது. மே மாத விழா என்றால் தெற்கு. ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்தும் அடிக்கும், அதனால் விளிம்பைக் கொஞ்சம் வடகிழக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஈசலின் மூன்று கால்களையும் நன்றாக அகட்டி வைத்து, நடுவில் கயிறு கட்டி, 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பலகைக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அதற்கும் தாளுக்கும் இடையில் மூன்று நாளிதழ்த் தாள்களை வையுங்கள். இல்லாவிட்டால் மரத்தின் ரேகை எல்லாம் கரியில் தெரிந்துவிடும். நான்கு மூலையிலும் கிளிப் போட்டு, அடி விளிம்பு முழுக்க மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். காற்று முதலில் கிளப்புவது அடி விளிம்பைத்தான். டிராயிங் பின் வேண்டாம். விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, செருப்பில்லாமல் ஓடி வரும் பிள்ளைகளின் காலில்தான் கிடைக்கும்.

தூளை வாயால் ஊதாதீர்கள். பலகையின் மேல்முனை உங்கள் பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால் தூள் தாளில் ஒட்டாமல் நேரே கீழே விழும். அவ்வப்போது பலகையின் பின்பக்கத்தைத் தட்டினால் போதும். கீழே ஈரத்துணி ஒன்றை விரித்து வையுங்கள்.

பந்தல் துணியையும் கவனியுங்கள். சிவப்பு மஞ்சள் ஷாமியானாவுக்குக் கீழே வெள்ளைத் தாள் வெள்ளையாக இருக்காது, வண்ணம் தீட்டினால் எல்லாம் பொய்யாகிவிடும். வரைபவரின் தலைக்கு மேலாவது வெள்ளைத் துணி போடச் சொல்லுங்கள். தாள் கட்டைப் பாலிதீன் உறையிலேயே வைத்து, வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். கடல் ஈரம் குடித்த தாள் அலை அலையாக எழும்பும், ரப்பர் போட்டால் மேற்பரப்பு நார்நாராக உரியும்.

நம்ம ஏரியாவில் மீன் வரைந்தால் கூட்டம் கூடுகிறது, ஆனால் "இது என்ன மீனு?" என்று கேட்டு மடக்குகிறார்கள். பொதுவாக ஒரு மீன் வரையக் கூடாதா?
– வாசகி, இராயபுரம்

கூடாது. துறைமுகத்து மக்கள் முன்னால் 'பொதுவான மீன்' என்று ஒன்று கிடையாது. அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டே மீன்களை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போங்கள்.

வஞ்சிரம் நீண்ட கதிர் வடிவம். வால் பிறை மாதிரி ஆழமாகப் பிளந்திருக்கும், வாலின் அடி மிகக் குறுகலாக இருக்கும். முதுகுத் துடுப்பு முடிந்த பிறகும் வால்வரை முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் சின்னச் சின்ன முக்கோணத் துடுப்புகள் வரிசையாக நிற்கும். இவற்றை விட்டுவிட்டால் அது வஞ்சிரமே இல்லை. வவ்வால் மீனுக்கு இதற்கு நேர் மாறான உடல்வாகு. பக்கவாட்டில் தட்டை, ஏறக்குறைய சாய்சதுரம், வாய் சின்னது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் பின்னோக்கி வளைந்து ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்தாற்போல் இருக்கும். வளர்ந்த வவ்வாலுக்கு வயிற்றுத் துடுப்பு கிடையாது, பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டையும் அடுத்தடுத்து வரையுங்கள். முதலில் நீளத்தையும் உயரத்தையும் அளந்து பெட்டி போடுவது, பிறகு பெட்டிக்குள் உடம்பு, கடைசியில் துடுப்பு. கண்ணும் செதிலும் எல்லாவற்றுக்கும் பிறகுதான். மீன் வெட்டும் அம்மா யாராவது "வால் இன்னும் ஒல்லியா வரும்மா" என்று சொன்னால் அங்கேயே திருத்துங்கள். அவர்கள் பார்த்த மீன்களின் எண்ணிக்கைக்கு நம் எந்தப் பாடநூலும் ஈடாகாது.

வரைந்துகொண்டே பேச வேண்டுமா? எனக்கு இரண்டும் சேர்ந்து வராது.
– வாசகர், கொளத்தூர்

சேர்ந்து வரத் தேவையில்லை. கோடு போடும் முன் ஒரு வாக்கியம், "இப்போது அகலத்தை அளக்கிறேன்" என்பதுபோல். கோடு போடும்போது மௌனம். போட்ட பின் ஓர் அடி விலகி நின்று, கூட்டம் பார்க்க 5 விநாடி விடுங்கள். பலகையைப் பார்த்தபடி பேசினால் சத்தம் பலகைக்குத்தான் கேட்கும்.

உட்காரவைத்து முகம் வரைகிறேன். வீட்டில் சாயல் வருகிறது, திருவிழாவில் வருவதே இல்லை. உட்காருகிறவர்கள் "கொஞ்சம் கலரா வரைங்கண்ணா" என்று வேறு கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், திருவொற்றியூர்

வீட்டில் நீங்கள் உட்கார்ந்து வரைந்திருப்பீர்கள். திடலில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில், நீங்கள் நின்றுகொண்டு. பாதிக் காரணம் இதுதான். மேலிருந்து பார்த்தால் நெற்றியும் உச்சியும் பெரிதாகும், முகவாய் சுருங்கும், காது மேலே ஏறினாற்போல் தெரியும். கை மட்டும் பழக்கப்படி நேர்ப்பார்வை விகிதத்தில் வரையும். கண்டதும் வரைவதும் வேறாகிவிட்டால் சாயல் எங்கிருந்து வரும்? ஒரு முழ உயரத்துக்கு மேடை போட்டு அதன்மேல் நாற்காலியை வையுங்கள், அல்லது நீங்களும் உட்காருங்கள். இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தூரம் 5 முதல் 6 அடி. அதைவிட நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது ஓடிவிடும். அவரைப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தால் கூட்டம் ஒரே பார்வையில் முகத்தையும் படத்தையும் ஒப்பிட முடியும். உங்கள் கழுத்துக்கும் நல்லது.

பெரியவர்களுக்குக் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும், உச்சியிலிருந்து முகவாய்வரை அளந்தால். முடி மறைத்திருப்பதால் நெற்றியைக் குறைத்து மதிப்பிட்டு, கண்ணை மேலே தூக்கி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சிறு குழந்தைகளுக்குக் கண்கள் பாதிக்கும் கீழே. கைக்குழந்தையைப் பெரியவர் விகிதத்தில் வரைந்தால் குட்டி மனிதனாகிவிடும். 15 நிமிடப் படத்தில் முதல் 2 நிமிடம் தலையின் சாய்வுக்கும் வெளிவடிவத்துக்கும் மட்டும். அடுத்த 4 நிமிடம் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் இடங்கள், வெறும் கோட்டுக் குறிகளாக. ஒவ்வொரு கண்ணாக முடித்துக்கொண்டு போகாதீர்கள். அழகாக முடித்த கண் தவறான இடத்தில் இருந்தால் அழிக்க மனசு வராது, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்திவிடுவீர்கள். திருவிழாவில் சாயல் தவறுவதற்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். கூட்டம் கண்ணைப் பார்க்க ஆசைப்படுகிறது, நீங்களும் அவசரப்பட்டு அதற்குப் போகிறீர்கள்.

பிறகு 6 நிமிடம் நிழல் திட்டுகள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். இரண்டு பக்கமும் டியூப்லைட் இருந்தால் மூக்கின் நிழலே விழாது, முகம் தட்டையாகும். ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள். கடைசி 3 நிமிடம் கண்ணின் கறுப்பு, உதட்டின் நடுக்கோடு, முடியின் விளிம்பு.

இனி 'கலர்' விஷயம். கேட்பவர் மேல் மட்டும் குறை சொல்ல மாட்டோம், குறை நம் தாளிலும் இருக்கிறது. வெள்ளைத் தாளில் வரையும்போது ஒன்றும் தொடாத இடமே தோலாகிவிடுகிறது. கறுத்த முகத்துக்கு மேலே கரியைத் தேய்க்கிறோம், தேய்த்தது அழுக்குப் படிந்தாற்போல் ஆகிறது, பார்த்தவர் முகம் சுளிக்கிறார். சுளிக்கவைத்தது நிறமல்ல, தேய்ப்பு. புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் வரைந்து பாருங்கள். அந்தப் பழுப்பே நம்மில் பலரின் தோலுக்கு நடுத்தொனி. நிழலுக்குச் சார்கோல், ஒளிபடும் இடத்துக்கு வெள்ளை பேஸ்டல் அல்லது வெள்ளைச் சார்கோல் பென்சில், இடையில் தாள் தானாகவே தெரியட்டும்.

கறுத்த தோலின் அழகு அதில் ஒளி விழும் விதத்தில்தான் இருக்கிறது. மாநிறத்தைவிடக் கறுப்பில் பளபளப்பு கூர்மையாகத் தெரியும். நெற்றிப்பொட்டு, மூக்குநுனி, கன்ன எலும்பு, கீழுதடு ஆகிய இடங்களில் வெள்ளையை விளிம்போடு அழுத்தி வையுங்கள், விரலால் பரப்பாதீர்கள். வெள்ளையும் கரியும் கலந்தால் நீலச் சாம்பலாக மாறி முகம் நோயாளிபோல் ஆகும். விழியின் வெண்மையையும் முழு வெள்ளையாக விடக் கூடாது, இமையின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கும். இப்படி வரைந்த முகத்தைக் கையில் வாங்கியவர் "கலரா" என்று கேட்க மாட்டார். அப்படியும் கேட்டால், வெளிறச் செய்யாதீர்கள். வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காரச் சொல்லி, அங்கே கிடைக்கும் ஒளியை வரையுங்கள்.

பழுப்புத் தாளில் அமிலம் உண்டு, சில வருடங்களில் கறுத்து நொறுங்கும். பயிற்சிக்கும் திருவிழாவுக்கும் அது சரி. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் படத்துக்கு, அமிலம் நீக்கிய வண்ணத்தாள் வாங்குங்கள்.

ஸ்டாலில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு பென்சிலைப் பிடுங்குகிறார்கள். துரத்தவும் மனசு இல்லை.
– வாசகி, வியாசர்பாடி

துரத்த வேண்டாம், தனி மேசை போடுங்கள். உங்கள் பலகையிலிருந்து 6 அடி தள்ளி, ஒரு நேரத்தில் 6 பிள்ளைகள், ஒருவருக்கு A4 தாள் ஒன்று, 2B பென்சில் ஒன்று, 10 நிமிடம். 2B சீக்கிரம் மழுங்கும். முன்கூட்டியே 30 பென்சிலைச் சீவி ஒரு டப்பாவில் வைத்து, மழுங்கியதை இன்னொரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். ஷார்ப்னர் ஒன்றை நடுவில் வைத்தால் எல்லோரும் சீவிக்கொண்டே இருப்பார்கள், வரைய மாட்டார்கள். ரப்பர் வைக்காதீர்கள். சார்கோல் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அந்தக் கை பிறகு வாய்க்குப் போகும்.

மூன்று நாலு வயதுப் பிள்ளை தலையிலிருந்தே காலைப் போடும். ஆறு ஏழு வயதில் தாளின் அடியில் தரைக்கோடு, மேலே வானக்கோடு. இவை பிழையல்ல, அந்த வயதின் வரைமுறை. "உடம்பு எங்கே?" என்று கேட்காதீர்கள். அவர்கள் தாளில் உங்கள் கோடு ஒன்றுகூட விழக் கூடாது. காட்டித்தர வேண்டுமானால் தனித்தாளில் காட்டுங்கள். குடம், நீள்வட்டம் எல்லாம் பத்து வயதுக்கு மேல். போட்டோ எடுப்பதானால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

சார்கோல் குச்சி விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்ய முடியுமா?
– மாணவர், கொருக்குப்பேட்டை

முடியும், நன்றாகவே வரும். பழைய நாளில் நம் நாட்டு ஓவியர்கள் புளியங்குச்சிக் கரியால்தான் முதல் கோடு போட்டார்கள். சுண்டுவிரலைவிட மெல்லிய, கணு இல்லாத புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, நிழலில் இரண்டு வாரம் காயவையுங்கள். மூடியுள்ள தகர டப்பாவின் உயரத்துக்கு வெட்டி, ஆடாமல் நெருக்கமாக அடுக்குங்கள். இடைவெளி விட்டால் குச்சிகள் வளைந்துவிடும். மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை. துளை இல்லாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து மூடி தெறிக்கும். திறந்த வெளியில் விறகுத் தீக்குள் டப்பாவை வையுங்கள். துளையிலிருந்து முதலில் வெள்ளைப் புகை கனமாக வரும், பிறகு மெலியும். புகை முற்றிலும் நின்றதும் வெளியே எடுத்து, துளையை ஈர மண்ணால் அடைத்து, டப்பா முழுதும் ஆறும்வரை தொடாதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் கனன்று சாம்பலாகிவிடும். பெரும்பாலோர் கெடுப்பது இந்தக் கடைசிப் படியில்தான்.

சரியாக வெந்த குச்சியை ஒடித்தால் மணி மாதிரி 'டிக்' என்று சத்தம் வரும், உள்ளே வரை கறுப்பு. நடுவில் பழுப்புத் தெரிந்தால் வேகவில்லை, தாளைக் கீறும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக் மூடியோ, உள்ளே பெயிண்ட் ஒட்டியிருக்கும் டப்பாவோ ஆகாது.

படத்தைக் கையில் கொடுத்தால் வீடு போவதற்குள் கரி அழிந்துவிடுகிறது. ஹேர் ஸ்பிரே அடிக்கலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வேண்டாம், நாளாவட்டத்தில் தாள் மஞ்சளாகும். கரியைத் தாளில் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே வாங்குங்கள். ஓர் அடி தள்ளி நின்று, படத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி, மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஒரேயடியாக நனைத்தால் கரி ஓடித் திட்டாகும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் வெள்ளைப் படலம் பூக்கும், மழை பெய்து ஓய்ந்த உடனே அடிக்காதீர்கள். அது தீப்பற்றும் பொருள். டீக்கடை அடுப்பு, பஜ்ஜிக் கடை எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இருந்தால் திடலின் மறுகோடிக்குப் போய், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று அடியுங்கள். பிள்ளைகள் அருகே இருக்கக் கூடாது.

அடித்த பிறகும் விரலால் தேய்த்தால் அழியத்தான் செய்யும். படத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து, தளர்வாகச் சுருட்டிக் கொடுங்கள். நாளிதழ் வைத்தால் அதன் மை ஒட்டும். உங்கள் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டுப் பாருங்கள், உறையாகப் பயன்படும். மூன்று அங்குல விட்டத்துக்குக் குறைவான குழாய் வேண்டாம், தாள் மறுபடி நிமிராது.

டெமோ பார்த்த பெற்றோர் "இதை எங்கே படிக்கவைப்பது?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– வாசகி, மணலி

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எழும்பூரில், ஈ.வே.ரா. பெரியார் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி, 1852இல் அரசு ஏற்றுக்கொண்டது. பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலைப் பட்டம்) நான்கு ஆண்டுகள், சேர்க்கையில் வரைந்து காட்ட வேண்டியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் உண்டு. அதற்கும் முன்னால், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அழைத்துப் போகச் சொல்லுங்கள். செப்புத் திருமேனிகள் அசையாமல் நின்று கொடுக்கும் மாடல்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

தெருவில் அல்லது பூங்காவில் நாங்களே நடத்துவதானால் யாரிடம் அனுமதி?
– இளைஞர் குழு, புளியந்தோப்பு

பூங்கா, விளையாட்டுத் திடல் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். உங்களுக்குத் திரு.வி.க. நகர், 6ஆவது மண்டலம். தண்டையார்பேட்டை 4, இராயபுரம் 5. தெருவை மறிப்பதாக இருந்தாலும் மைக் வைப்பதாக இருந்தாலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை. விண்ணப்பத்தில் நாள், நேரம், ஸ்டால் எண்ணிக்கை, மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது நான்கும் இருக்கட்டும்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் தப்பாகிவிட்டால்?
– வாசகர், கொடுங்கையூர்

அழிக்காதீர்கள். அழித்தால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, கரியும் தாளில் பரவிக் கெடும். தப்பான கோடு அப்படியே இருக்க, அதன்மேல் சரியான கோட்டை இன்னும் அழுத்தமாகப் போடுங்கள். "இங்கே அகலத்தை அதிகமாக எடுத்துவிட்டேன், இப்போது மறுபடி அளக்கிறேன்" என்று சொல்லி, பென்சிலை நீட்டி அளந்து காட்டுங்கள். இரண்டு கோடும் தெரியட்டும். நிழல் போடும்போது தப்பான கோடு தானாகவே அதற்குள் அடங்கிவிடும். ஒளிப்பக்கத்தில் விழுந்திருந்தால் மட்டும், பிசையும் ரப்பரைக் கோட்டின்மேல் அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள்.